அடிப்படைப் புகை

போக்குவரத்துப் புகைக் குறைப்பு இயக்ககத்தில் புகையே விடாத ஊழியர் ஒருவர் இருக்கிறார் என்று வெளியே தெரிந்தால் இயக்ககத்தின் மானம் போய்விடும் என்று அளவீட்டு அதிகாரி நினைத்தார். அதனால் அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

எதிரே நின்றவர் பதிவறைக்காரர். கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய நீளமான அறை அவருடைய இடம். அங்கே காலை முதல் மாலை வரை யாரிடமும் பேசாமல் இருக்கலாம். அந்த ஒரு வசதிக்காகவே அவர் இதுவரை பதவி உயர்வு எதையும் கேட்காமல் இருந்தார். அவரை மாடிக்கு அழைப்பது இதுதான் முதல் தடவை.

"போன வருஷம் ஆபீசுக்கு எதுல வந்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"நடந்து வந்தேன் மேடம்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷமும் நடந்துதான்."

"அப்ப எதைக் குறைச்சீங்க?"

பதிவறைக்காரர் யோசித்தார். முழங்கால் வலி வந்ததிலிருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார். அதைச் சொல்லலாமா என்று பார்த்தார். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியது.

அதிகாரி நல்லவர். யாரையும் வேண்டுமென்று வருத்த மாட்டார். கணக்கு நேராக வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. "உங்க பேரைப் போட்டாலே கம்ப்யூட்டர் நின்னுடுது சார். பூஜ்யத்துல எத்தனை சதவீதம் குறைஞ்சதுன்னு அதுகிட்ட கேட்டா அது என்ன பண்ணும் பாவம்? நேத்து மத்தியானத்துல இருந்து ஆபீஸ் முழுக்க வேலை நடக்கல. எல்லாம் உங்களாலதான்" என்றார், ஏறக்குறைய கெஞ்சும் குரலில்.

இயக்ககத்தில் குறைப்புக்கு மரியாதை இருந்தது. பெட்ரோல் வண்டியை விட்டு மின்சார வண்டிக்கு மாறும் ஒவ்வொருவருக்கும், குறைத்த புகையின் அளவுக்கு ஏற்ப, சட்டைப்பையில் குத்திக்கொள்ளப் பித்தளை இலை தருவார்கள். அதற்கென்று வண்டி துறப்பு விழா நடக்கும். பழைய வண்டியின் சாவியை ஒரு தட்டில் வைத்து, அது எவ்வளவு கரும்புகை விட்டது என்பதை உரியவரே எழுந்து நின்று உருக்கமாகச் சொல்வார். எவ்வளவு அதிகம் விட்டாரோ அவ்வளவு கைதட்டல். இயக்குநரின் சட்டையில் இலைகள் அடர்ந்து ஒரு சிறு புதராகவே ஆகிவிட்டன. அவரிடம் நான்கு வண்டிகள் இருந்தன. ஒன்றைத் துறந்தார். மற்றவை மனைவி பேரிலும் மகன் பேரிலும் மச்சான் பேரிலும் இருந்ததால் அவற்றை அவர் துறக்க முடியாது. பிறர் பொருளைத் துறப்பது நேர்மையாகாது என்று விழாவிலேயே விளக்கினார்.

பதிவறைக்காரரின் சட்டையில் இலை இல்லை. பார்க்க வருகிறவர்கள், இவர் ஏதோ தண்டனையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். உடன் வேலை செய்கிறவர்கள் அவரை 'மொட்டை மரம்' என்று அழைத்தார்கள். அதுவரை அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

"ஆண்டு முடியறதுக்குள்ள குறைச்சுக் காட்டலேன்னா மலைக்கிளை ஆபீசுக்கு மாத்திடுவாங்க. விதி அப்படி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

பதிவறைக்காரருக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மற்றவர்களுக்கு மலைக்கிளை என்றால் குளிர். அவருக்கு அப்படியில்லை. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் செவிலி. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஓர் ஊரில் வேலை, அவளுக்கு இன்னோர் ஊரில். அவருக்கு மாற்றல் வந்து அவள் ஊரை நெருங்கினால், அவளுக்கு மாற்றல் வந்து விலகிப்போவாள். இரண்டு துறைகளும் பேசி வைத்துக்கொண்டு செய்வது போலவே இருந்தது. அவர்களுடைய குடும்ப வாழ்க்கையின் பெரும்பகுதி பேருந்து நிலையங்களில் நடந்தது. சென்ற ஆண்டுதான் எந்த அதிகாரியின் கவனப்பிசகாலோ இருவரும் ஒரே ஊரில் வந்து விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் இயக்ககத்துக்கும் நடுவில் ஒரு சிறிய வீடு பார்த்தார்கள். மாலையில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தனியாகப் பேசாமல் இருப்பதற்கும் இரண்டு பேராகப் பேசாமல் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இந்த வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னார். அவள் காலணியைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்டாள்.

"நடந்ததுக்கா மாத்தறாங்க?"

"நடந்ததுக்கு இல்ல. முன்னாடியும் நடந்துட்டிருந்ததுக்கு."

"நீங்க ரகசியமா சிகரெட் பிடிக்கறீங்கன்னு நான் வேணா எழுதித் தரட்டுமா? அதை நிறுத்திட்டதாச் சொல்லிடலாம். அதுவும் புகைதானே."

"அது சுகாதாரத் துறைப் புகை. எங்க கணக்குல வராது" என்றார் அவர்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும்தான் அவளுக்குக் கவலை வந்தது.

மறுநாள் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் அறையில் ஜன்னல்கள் திறப்பதில்லை. வெளியே காற்று சரியில்லை. இயக்குநர் பதிவறைக்காரரை உட்காரச் சொன்னார். பிறகு அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசினால் அவருக்குப் பேச்சு வராது.

"புகையைக் குறைக்கணும்னா முதல்ல புகை இருக்கணும். சரியா? நான் நாலு வண்டி வச்சிருந்தேன். ஆசையாலயா வச்சிருந்தேன்? என்னிக்காவது நாட்டுக்குக் குறைச்சுக் குடுக்க வேண்டி வரும், அப்ப கையில ஏதாவது இருக்கணுமேன்னு வச்சிருந்தேன். அதுக்குப் பேரு தொலைநோக்கு. நீங்க என்ன பண்ணீங்க? வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து நடந்து நடந்து, குறைக்கறதுக்கு ஒண்ணையுமே மிச்சம் வைக்கல. உங்க உடம்பு நல்லா இருந்தாப் போதும்னு நினைச்சிட்டீங்க. நாடு எப்படிப் போனா உங்களுக்கென்ன?"

பதிவறைக்காரர் தலை குனிந்தார். இப்படி ஒரு கோணத்தில் தன் நடையை அவர் பார்த்ததே இல்லை.

"அதுக்காக உங்களைக் கைவிட மாட்டோம்" என்று இயக்குநர் குரலைத் தணித்தார். இல்லாதவர்களுக்கும் புகை கிடைக்க இயக்ககம் ஏற்பாடு செய்திருந்தது. கொட்டகையில் பழைய டீசல் ஜீப் ஒன்று நின்றது. அதற்கு அடிப்படை ஜீப் என்று பெயர். சைக்கிளில் வந்த தொலைபேசி இயக்குபவர், பேருந்தில் வந்த தட்டச்சர் எல்லாரும் இதில் சில மாதம் போய்வந்து தங்களுக்கென்று ஓர் அடிப்படைப் புகையைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மின்சாரக் காருக்கு மாறி, சேர்த்ததைக் குறைத்து, இலை வாங்கினார்கள். பதிவறைக்காரரும் அப்படியே செய்யலாம்.

"மலைக்குப் போக வேண்டாமில்ல சார்?" என்று அவர் கேட்டார்.

"நல்லாப் புகை விடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் இயக்குநர், தோளில் தட்டி.

அடிப்படை ஜீப்பின் ஓட்டுநர் வாயாடி. வாய்க்குள் எப்போதும் ஒரு கைக்குட்டையின் நுனி இருக்கும். பேசும்போது மட்டும் எடுப்பார். முதல் நாள் காலை வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏறுங்கண்ணே. கண்ணாடிய ஏத்தினா உள்ள வர்ற புகை வெளிய போகாது. இறக்கினா வெளிய விட்ட புகை உள்ள வரும். எது வேணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

ஜீப் கிளம்பி நிமிர்வதற்குள் அலுவலகம் வந்துவிட்டது. அளவீட்டு அதிகாரிக்கு அது திருப்தியாக இல்லை. இவ்வளவு சிறிய அடிப்படையை வைத்துக்கொண்டு எதைக் குறைப்பது? அதனால் வழி மாற்றப்பட்டது. ஜீப் தண்ணீர்த்தொட்டித் தெரு வழியாக ஏறி, பழைய ஆலையைச் சுற்றி, சந்தைக்குள் புகுந்து, பள்ளிக்கூடத்து வாசலில் திரும்பி வர வேண்டும். நடந்த காலத்தில் கடைசியாகக் கிளம்பி முதலில் வந்தவர், இப்போது முதலில் கிளம்பி கடைசியாக வந்தார். தாமதமாக வந்ததற்குத் தனியாக ஒரு மெமோ கிடைத்தது. அதை வேறு பிரிவு கொடுத்தது.

ஜீப் போகும் வழியெல்லாம் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. அந்தத் தெருக்களில் மொட்டைமாடியில் துணி காயப்போடுவது நின்றது. தையல்காரர் ஒருவர் வெள்ளைத்துணி வாங்குவதையே விட்டுவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் ஜீப்பை விரும்பினார்கள். அது கடந்துபோனதும் கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் யாரையும் தெரியாது என்பதால் அவர்களுக்கு அது விளையாட்டு.

சனிக்கிழமைதோறும் அளவீட்டு அதிகாரி கொட்டகைக்கு வருவார். புகைக்குழாயின் வாயில் ஒரு வெள்ளைத்துணியைக் கட்டி, எஞ்சினை உறுமவிட்டு, துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துணி கன்னங்கரேல் என்று இருந்தால் அவர் முகம் மலரும். "நல்லா வருது சார். இப்படியே போனா நீங்க எங்கயோ போயிடுவீங்க" என்பார்.

பதிவறைக்காரருக்கு அந்த வாழ்த்தைக் கேட்டால் பயமாக இருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள்: "தண்ணித்தொட்டித் தெருவுல இருந்து இன்னிக்கும் ரெண்டு பேர் வந்தாங்க. மூச்சு விட முடியல. என்ன பண்ணுதுன்னு கேட்டா, காலைல ஒரு ஜீப் போகுது சிஸ்டர், அதுக்கப்புறம்தான் இப்படிங்கறாங்க. எந்த ஜீப்புன்னு நான் கேட்டுக்கல."

அவள் குற்றம் சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கைகழுவ எழுந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக, யாரோ ஒருவரை மூச்சுவிட முடியாமல் இவளிடமே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. இரவெல்லாம் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

காலையில் ஓட்டுநரிடம் மெதுவாகக் கேட்டார், இந்த வண்டியைக் கொஞ்சம் சுத்தம் செய்தால் என்ன என்று. ஓட்டுநர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "அண்ணே, இதுவரைக்கும் இந்த வண்டில ஏறின யாருமே இப்படிக் கேட்டதில்ல" என்றார், தழுதழுத்த குரலில். அன்று மாலையே தெரிந்த மெக்கானிக்கிடம் ஓட்டிப்போய், அடைப்பெடுத்து, எண்ணெய் மாற்றி, வடிகட்டி போட்டுக் கொண்டுவந்தார். ஜீப் வாழ்க்கையில் முதல்தடவையாக இருமாமல் ஓடியது.

சனிக்கிழமை துணி சாம்பல் நிறத்தில் வந்தது.

விசாரணைக் குழு அன்றே கூடியது. பதிவறைக்காரர்மீதும் ஓட்டுநர்மீதும் சுமத்தப்பட்ட குற்றம், இயக்ககத்துக்குச் சொந்தமான புகைக்குத் தெரிந்தே இழப்பு ஏற்படுத்தியது. குழுவின் தலைவர் ஓய்வுபெறப் போகிறவர், பொறுமையானவர். "யார் தூண்டிவிட்டு இதைச் செஞ்சீங்க? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார். பதிவறைக்காரர் தண்ணீர்த்தொட்டித் தெருக்காரர்களின் மூச்சுத்திணறலைச் சொன்னார். குழு ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அவங்க நல்லதுக்குத்தானே சார் இதெல்லாம் பண்றோம்?" என்றார் தலைவர். "இப்ப கொஞ்சம் பொறுத்துக்கிட்டாத்தான் பின்னாடி குறைச்சுக் குடுக்க முடியும். குறையும்போது அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும், அதை யோசிச்சீங்களா?"

ஓட்டுநருக்கு எச்சரிக்கை. பதிவறைக்காரரின் அடிப்படைக் காலம் நீட்டிக்கப்பட்டது. கெட்டுப்போன புகையை ஈடுகட்ட, ஜீப்பிலிருந்து எடுத்த பழைய வடிகட்டியை மெக்கானிக்கிடம் தேடிப்பிடித்து, மரியாதையாகத் திரும்ப மாட்டினார்கள்.

எப்படியோ காலம் முடிந்தது. வண்டி துறப்பு விழாவில் பதிவறைக்காரரும் சாவியைத் தட்டில் வைத்தார். உருக்கமாகப் பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேச்சு வரவில்லை. குற்ற உணர்ச்சி பேசவிடவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அது உண்மைதான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மறுநாள் வாசலில் மின்சாரக் கார் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை. அதே ஓட்டுநர், கைக்குட்டை இல்லாமல். பதிவறைக்காரர் ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, நாற்றம் இல்லை. கண்ணாடியை இறக்கினால் கடைக்காரர் ஒருவர் ஷட்டரைத் தூக்குவதும், யாரோ வாசலில் தண்ணீர் கொட்டுவதும் தனித்தனியாகக் கேட்டது. தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஒரு கிழவர் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். கார் அவர் முழங்காலை உரசுவது போலக் கடந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவறைக்காரருக்குத் தன் கோப்பறை சக்கரம் முளைத்து ஊர்வலம் போவது போல இருந்தது. நல்ல வண்டி என்று நினைத்தார். இப்படி ஒரு நல்ல வண்டி, ஏன் நடக்கிறவனைத் தேடிப்பிடித்து ஏற்றுகிறது என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

"அண்ணே, இறங்கி நடந்தா இந்நேரம் ஆபீஸ் போயிருப்பீங்க இல்ல?" என்றார் ஓட்டுநர் கடைசியில்.

"போயிருப்பேன்."

"ஆனா குறைஞ்சிருக்காது."

"குறைஞ்சிருக்காது" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஓடினால்தான் குறையும். அது அளவீட்டு அதிகாரியின் கண்டுபிடிப்பு. அதே தூரத்தை அடிப்படை ஜீப் ஓடியிருந்தால் எவ்வளவு புகை வந்திருக்கும், அவ்வளவும் சேமிப்பு என்பது கணக்கு. எனவே கார் நின்றால் சேமிப்பும் நின்றுவிடும். பதிவறைக்காரரை இறக்கிவிட்ட பிறகு ஓட்டுநர் வெறும் காரைப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். மாலையில் அவரைக் கூப்பிட வரும்போது, "இன்னிக்கு நல்ல சேமிப்புண்ணே, தலை சுத்துது" என்பார்.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, இயக்ககத்திலேயே அதிகம் குறைத்தவர் பதிவறைக்காரர் என்று வந்தது. இயக்குநரைவிட ஓர் இலை கூடுதல். அத்தனை இலைகளின் கனத்தில் அவருடைய சட்டைப்பை தொங்கிப்போயிற்று. மலைக்கிளை இனி இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் இரண்டு மூன்று தடவை காரணமில்லாமல் சிரித்தார். மனைவி அதைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

பாராட்டு விழாவுக்குப் பெரிய மண்டபம். குளிர்பதனம் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வெளியே ஜெனரேட்டர் ஓடியது. இயக்குநர் பேசினார்.

"இவர் நம்மகிட்ட வரும்போது இவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. துளிப் புகை கிடையாது. அப்படி ஒருத்தரை ஒரே வருஷத்துல இந்த ஊரே திரும்பிப் பார்க்கற அளவுக்குப் புகை விட வச்சு, அதே வருஷத்துல நிறுத்தவும் வச்சோம். இந்தத் திறமையைக் கீழ்த்தளத்துல பூட்டி வைக்கறது நியாயமா? நம்ம மலைக்கிளை பாவம். அங்க எல்லாரும் நடக்கறாங்க. மேடு பள்ளமா இருக்கறதால ஜீப்பைத் தவிர வண்டியே போகாது. காத்து அவ்வளவு சுத்தம். பத்து வருஷமா ஒரு இலை வாங்கலைங்க அந்தக் கிளை. அங்க ஒரு அடிப்படையை உண்டாக்க அனுபவசாலி வேணும். அதனால இவரைப் பதவி உயர்வோட மலைக்கிளைக்கு அனுப்பறோம். அடிப்படை ஜீப்பும் இவரோடயே போகும்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பதிவறைக்காரரின் கையில் ஆணையைக் கொடுத்து, படம் எடுப்பவருக்காக அவரைச் சிரிக்கச் சொன்னார்கள். படத்தில் அவர் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார்.

வீட்டில் அந்த ஆணையை இருவரும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கைப் போட யாரும் எழவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. "வாராவாரம் வருவீங்கல்ல?" என்றாள்.

"வராம? வருவேன்."

"அவ்வளவு தூரம் எதுல வருவீங்க?"

"ஜீப்தான். அதைத்தானே என் தலையில கட்டியிருக்காங்க."

"மலையிலிருந்து அந்த ஜீப்ல வர்றதுக்குள்ள நீங்க எனக்குப் பேஷன்ட்டாத்தான் வந்து சேருவீங்க. பரவாயில்ல, அப்படியாவது வார்டுல பக்கத்துல வச்சிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் அந்த முகத்திருப்பத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் காலையில் மாடியேறினார். கார் வந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல் நடந்தே போய்விட்டிருந்தார். இயக்குநர் அறையில் அளவீட்டு அதிகாரியும் இருந்தார். மலைக்கிளை பற்றித்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பதிவறைக்காரர் போய் மேசைமுன் நின்றார்.

"நான் வாராவாரம் வீட்டுக்கு வருவேன் சார்."

"தாராளமா வாங்க" என்றார் இயக்குநர்.

"ஜீப்லதான் வருவேன். போகும்போதும் ஜீப்லதான் போவேன். ஒரு வாரம்கூட விடமாட்டேன். மழை பெய்தாலும் வருவேன். அவளுக்கு ராத்திரி டியூட்டின்னா, ஒரு மணி நேரம் பார்த்துட்டுத் திரும்பணும்னாலும் வருவேன். நீங்க தடுக்க முடியாது சார்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. முடித்ததும் அவருக்கே மூச்சு வாங்கியது.

இயக்குநர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அளவீட்டு அதிகாரி கால்குலேட்டரை எடுத்துவிட்டார். அவரால் தூரம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மலை, ஏற்றம், ஜீப், போக, வர, வாராவாரம் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். முகம் வெளுத்தது.

"சார், இவர் போனா நாம இதுவரைக்கும் குறைச்சதெல்லாம் போச்சு. எல்லாரோட இலையையும் பிடுங்கணும்."

"என்னோடதுமா?"

"முதல்ல உங்களோடதுதான் சார்."

இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததால் அவருக்குப் பேச்சு வரவில்லை. பதிவறைக்காரருக்கு மௌனம் பழக்கம், அசையாமல் நின்றார். மற்ற இருவராலும்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் அளவீட்டு அதிகாரி, பரீட்சையில் விடை கிடைத்த மாணவி போலத் தலை நிமிர்ந்தார்.

"போகலேன்னா?"

"போகலேன்னா என்ன?"

"இவரை மாத்தியாச்சு. ஆணை போட்டாச்சு. இவ்வளவு புகை வரப்போறது உறுதியாயிடுச்சு. இப்ப ஆணையை ரத்து பண்ணினா, அத்தனை புகையையும் நாம தடுத்ததா ஆகுமில்ல சார்? ஒரே கையெழுத்துல. இந்த வருஷம் ஓட்டின அத்தனை மின்சாரக் காரும் சேர்ந்தாக்கூட இவ்வளவு குறைக்கல."

இயக்குநர் மெல்ல எழுந்து நின்றார். பேச்சு திரும்பியிருந்தது. "இதைத்தாம்மா நான் ஆரம்பத்துல இருந்தே மனசுல வச்சிருந்தேன்" என்றார்.

மத்தியானத்துக்குள் மாற்றல் ரத்தானது. பதிவறைக்காரர் ரத்து ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய் மனைவியிடம் காட்டினார். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். கட்டிலில் இருந்த நோயாளி, தனக்கு ஊசி இல்லை போலிருக்கிறது என்று மகிழ்ந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு எளிதான குறைப்பைக் கண்டபிறகு ஓர் இயக்ககம் சும்மா இருக்குமா? மாதந்தோறும் முதல் திங்களன்று காலையில் எல்லா ஊழியர்களையும் தொலைவான ஊர்களுக்கு மாற்றினார்கள். எல்லாரும் வாராவாரம் டீசல் ஜீப்பில் வீட்டுக்கு வருவதாக உறுதிமொழி எடுத்தார்கள். மாலையில் எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள். தூரம் கூடக்கூட இலை கூடும் என்பதால், எனக்கு இன்னும் தூரமாகப் போடுங்கள் என்று சிபாரிசு பிடிக்க ஆரம்பித்தார்கள். ஊர் போதாமல் போனபோது, கடலுக்கு நடுவில் ஒரு தீவில் கிளை திறக்கப்பட்டது. அங்கே கட்டடம் இல்லை. யாரும் போகப்போவதில்லை என்பதால் கட்டவில்லை. ஓட்டுநரைத்தான் முதலில் அங்கே போட்டார்கள். "எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே, சாயங்காலத்துக்குள்ள ரத்து பண்ணிடுவாங்கல்ல?" என்று அவர் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மின்சாரக் கார்கள் இப்போது இடைஞ்சலாகிவிட்டன. ரத்து ஆணைக்கு மின்சாரம் தேவையில்லை. இவற்றுக்குத் தேவை. அந்த மின்சாரம் கணக்கைக் கெடுக்கிறது என்று அளவீட்டு அதிகாரி குறிப்பு எழுத, அவற்றை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கச் சொன்னார் இயக்குநர். ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது. வார்டு ஜன்னலுக்குக் கீழே எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் பழைய டீசல் வேன்களுக்குப் பதிலாக, நோயாளிகளை அழைத்துவர இந்தக் கார்கள் ஓடின. செவிலிகள் வார்டின் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். அந்த ஊரில் உண்மையிலேயே குறைந்த புகை அதுதான். ஆஸ்பத்திரிக்கு இலக்கு எதுவும் தரப்பட்டிருக்கவில்லை. எனவே அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பதிவறைக்காரர் மறுபடி நடந்தே வேலைக்குப் போனார். மாதத்தில் ஒருநாள் மட்டும் காலையிலிருந்து மாலைவரை மலைக்கிளைக்காரராக இருப்பார். முதலில் அந்த நாட்களில் அவர் மாலைவரை கடிகாரத்தையே பார்ப்பார். பிறகு பழகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மாலை ரத்து ஆணை வரவில்லை. எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள். பிறகுதான் செய்தி கசிந்தது. தலைமையகத்துக்கும் இந்த உத்தி பிடித்துப்போய், அன்று காலை இயக்குநரையே எங்கோ மாற்றிவிட்டார்கள். அவருக்கு ரத்து வராமல் அவர் யாருக்கும் ரத்து போட முடியாது. தலைமையகத்தில் ரத்து போட வேண்டியவரையும் யாரோ மாற்றியிருந்தார்கள்.

நிற்பதில் பயனில்லை என்று பதிவறைக்காரர் வீட்டுக்கு நடந்தார். மனைவி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தட்டு இருந்தது. வாசற்படியில் நின்றபடியே அவர் விஷயத்தைச் சொன்னார்.

"தெரியும். உங்க டிரைவர் வந்து சொல்லிட்டுப் போனார், தீவுக்குப் போறதுக்கு முன்னாடி விடைபெத்துக்க வந்தாராம்" என்றாள் அவள். "அப்ப நீங்க இப்ப இந்த ஊர்ல இல்ல. சனிக்கிழமைதான் வருவீங்க."

"ஆமா."

"அதான் எனக்கு மட்டும் சமைச்சேன்."

அவள் சற்று ஒதுங்கி உட்கார்ந்து, தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். இயக்ககத்தின் ஆணைப்படி தொலைவில் ஒரு மலைமேல் இருந்த பதிவறைக்காரர், கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் தட்டிலிருந்து சாப்பிட்டார்.